இரவல் நாக்கு

ஏழைகளின் பேச்சை ஏழையல்லாதவர்கள் பேசிக்காட்டினால் சபையில் சிரிப்பு எழாமல் இருப்பதில்லை. மீன்காரியின் ஏசலையும் வேலைக்காரியின் முணுமுணுப்பையும் குரல் மாற்றிச் சொல்லத் தெரிந்தவர் எந்த விருந்திலும் செல்லப்பிள்ளை. அவர் சொல்லி முடித்ததும் கைதட்டுகிறோம். "அவளே வந்து பேசினது போல் இருந்தது" என்கிறோம். அவள் அங்கே இல்லை. இருந்திருந்தால் நாம் அப்படிச் சிரித்திருப்போமா என்பது ஒரு கேள்வி. அவளும் சேர்ந்து சிரித்திருப்பாளா என்பது இன்னொரு கேள்வி.

கதை எழுதுகிறவனுக்கு இது பொழுதுபோக்குக் கேள்வி அல்ல; பிழைப்பைப் பற்றிய கேள்வி. தான் வாழாத வாழ்க்கையை வாழ்கிறவர்களின் வாயில் வார்த்தையை வைத்து, அதற்குச் சன்மானமும் பாராட்டும் வாங்கிக்கொள்கிறவன் அவன். வண்டிக்காரன் பேசுகிறான், கூலிக்காரி பேசுகிறாள். எழுதுகிறவன் சாய்வு நாற்காலியில் இருக்கிறான். இதில் ஏதேனும் கடன் உண்டா? உண்டென்றால் யாரிடம், எப்படித் தீர்ப்பது?

இந்தக் கேள்வி எங்கே மூடுதிரை இல்லாமல் நிற்கிறது என்று பார்த்தால், மேற்கிந்தியத் தீவுகளில், அதிலும் ஜமைக்காவில் நிற்கிறது. அங்கே கவிதையைப் படிப்பதைவிட மேடையில் நின்று சொல்வதே வழக்கம். அங்கே இந்த வழியைத் திறந்துவிட்டவர் ஒரு பெண். சொல்லப்படுகிற பேச்சும் பெரும்பாலும் பெண்களுடையது. பள்ளிக்கூடம் 'கெட்ட ஆங்கிலம்' என்று ஒதுக்கிவைத்த பேச்சு.

அந்தப் பேச்சு எப்படிப் பிறந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜமைக்காவை 1655-ல் ஆங்கிலேயர் ஸ்பானியரிடமிருந்து பிடித்தார்கள். கரும்புத் தோட்டங்களுக்கென்று மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைக் கப்பலில் அடைத்துக் கொண்டுவந்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் நின்று கரும்பு வெட்டுகிறவர்களுக்கு ஒருவர் பாஷை மற்றவருக்குப் புரியாது. எல்லாருக்கும் பொதுவாகக் காதில் விழுந்தது கங்காணியின் ஆங்கிலம் ஒன்றுதான். அதிலிருந்து சொற்களை எடுத்துத் தங்கள் பாஷைகளின் போக்கில் கோத்துக்கொண்டார்கள். அதுதான் கிரியோல், ஜனங்கள் வழக்கில் 'பாட்வா'. காலத்தைக் காட்ட வினைச்சொல்லின் வாலை மாற்றுவதில்லை. முன்னால் ஒரு சிறு சொல்லை வைத்துவிடுகிறார்கள். இலக்கணமே இல்லாத பேச்சு என்று பழித்தவர்கள் அந்தச் சிறு சொல்லைக் கவனிக்கவில்லை.

அதில் எனக்கு மிகவும் பிடித்த சொல் 'உனு'. ஆங்கிலத்தில் ஒருவரைக் கூப்பிட்டாலும் 'யூ', ஊரையே கூப்பிட்டாலும் 'யூ'. இக்போ பாஷைக்காரர்களுக்கு அந்தக் குழப்பம் பிடிக்கவில்லை போலும். பலரைச் சேர்த்து அழைக்கும் தங்கள் சொல்லைக் கடல் கடந்தும் கைவிடாமல் கொண்டுவந்து, எஜமானின் பாஷையில் இருந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். கைவிலங்கோடு வந்தவர்கள் செய்த இந்தத் திருத்தத்தைத்தான் பின்னால் வந்த உபாத்தியாயர்கள் பிழை என்று சிவப்பு மையால் அடித்தார்கள்!

இந்தப் பாஷையைத் தெருவில் வளர்த்ததில் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அடிமைகளாக இருந்தபோதே, தங்களுக்கென்று விட்ட துண்டு நிலங்களில் விளைந்ததை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்றுக் காசு பார்க்க அவர்களுக்கு வழி இருந்தது. 1838-ல் முழு விடுதலை வந்தபின் அந்த வியாபாரம் பெண்களின் கைக்குப் போயிற்று. மலைக் கிராமத்திலிருந்து கிழங்கையும் வாழைக்காயையும் கூடையில் சுமந்து நகரத்துக்கு வருகிற பெண்களுக்கு 'ஹிக்ளர்' என்று பெயர். பேரம் பேசத் தெரியாதவள் அங்கே வாழ முடியாது. அவள் குரல் உரக்க இருக்கும். ஒரு வாக்கியத்துக்குள் ஏச்சும் இருக்கும், பழமொழியும் இருக்கும், வேத வாக்கியமும் இருக்கும். மரியாதைப்பட்ட குடும்பங்களில் ஒரு பெண் சற்று உரக்கப் பேசிவிட்டால், சந்தைக்காரி மாதிரி கத்தாதே என்பார்கள். இது எந்தத் தேசத்துக்கும் பொதுவான வசவுதான்.

லூயிஸ் பென்னெட் 1919-ல் கிங்ஸ்டன் நகரில் பிறந்தார். தகப்பனார் ரொட்டிக் கடை வைத்திருந்தவர். மகளுக்கு ஏழு வயதாகும்போது இறந்துபோனார். தாயார் துணி தைத்துக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். தையல்காரி வீட்டுக்கு யார்தான் வரமாட்டார்கள்? மீன் விற்பவளும் வருவாள், பள்ளிக்கூடத்து ஆசிரியையும் வருவாள். அந்த வீட்டில் வருகிறவர்கள் எல்லாருமே 'சீமாட்டி'கள்தாம் என்று பென்னெட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். மீன்காரச் சீமாட்டி, கடைக்காரச் சீமாட்டி, ஆசிரியைச் சீமாட்டி. அளவெடுக்கும் நாடாவுக்கு எல்லா இடுப்பும் ஒன்றுதானே! இந்தச் சிறு செய்தியைப் படித்தபோது, அவருடைய கவிதைகளைப் பற்றி எழுதப்பட்ட நீண்ட ஆராய்ச்சிகளைவிட இது எனக்கு அதிகம் விளக்கிவிட்டதாகத் தோன்றிற்று.

அவர் முதன்முதலாகப் பாட்வாவில் கவி கட்டிய கதை பிரசித்தம். பள்ளிப் பருவத்தில் ஒரு நாள் நன்றாக உடுத்திக்கொண்டு டிராம் வண்டியில் ஏறினார். சந்தைக்காரிகள் கூடைகளோடு வண்டியின் பின்பக்கத்தில்தான் உட்காருவார்கள். முன்னால் இடமில்லாததால் பெண் பின்பக்கம் வருகிறாள். அதைக் கண்ட ஒரு கிராமத்துப் பெண், பக்கத்திலிருந்தவளிடம், "விரித்து உட்காரடி, அலங்காரம் பண்ணிக்கொண்ட ஒருத்தி உன் பக்கத்து இடத்தைக் கண் வைத்துக்கொண்டு வருகிறாள்" என்ற பொருளில் ஏதோ சொன்னாள். உடனே அந்தப் பெண்கள் எல்லாரும் முன்றானைத் துணிகளைப் பலகை நெடுக விரித்துவிட்டார்கள்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இங்கே அவமானப்பட்டவள் யார்? கவி எழுதப்போகிற பெண்தான். படித்த, உடுத்திய, நகரத்துப் பெண்ணுக்கு இடமில்லை என்று கூடைக்காரிகள் சொல்லிவிட்டார்கள். நம்மில் பலர் வீட்டுக்கு வந்து, "இந்த ஜனங்களுக்கு மரியாதையே தெரியவில்லை" என்று முறையிட்டிருப்போம். பென்னெட் அந்த வாக்கியத்தின் தாளத்தைக் காதில் போட்டுக்கொண்டு வந்தார். அதையே கவியின் முதல் அடியாக்கி எழுதினார். சிரிப்பு இருக்கிறது, ஆனால் அது கூடைக்காரியைப் பார்த்து எழுகிற சிரிப்பு அல்ல. அலங்காரம் பண்ணிக்கொண்டு நடுவழியில் நிற்கிற பெண்ணைப் பார்த்து எழுகிற சிரிப்பு. நாக்கை இரவல் வாங்கியவர், அந்த நாக்கு தம்மையே அடித்த இடத்திலிருந்து கணக்கைத் தொடங்குகிறார். இரவல் நேர்மையானதா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அதற்கு முன்பு யாரும் கிரியோலில் எழுதவில்லை என்று சொல்லமாட்டேன். கிளாட் மக்கே 1912-ல் இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். அப்புறம் அமெரிக்கா போய் ஆங்கிலச் செய்யுளுக்கு மாறிவிட்டார். ஊனா மார்சன் என்ற பெண்மணி 1937-ல் வந்த தம் தொகுதியில் சில கவிதைகளைக் கிரியோலில் எழுதிப் பார்த்தார். லண்டன் வானொலியில், தீவுகளின் எழுத்தாளர்களுக்கென்றே 1943-ல் ஒரு நிகழ்ச்சியை உண்டாக்கியவரும் அவரே. அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஆனால் வாழ்நாள் முழுவதும் அந்த ஒரே நாக்கில் பேசிக்கொண்டிருந்தவர் பென்னெட். 1942-ல் முதல் புத்தகம். 1943 முதல் 'கிளீனர்' பத்திரிகையில் தொடர்ந்து கவிதைகள். 1945-ல் உபகாரச் சம்பளம் பெற்று லண்டனில் நாடகக் கல்லூரிப் படிப்பு. திரும்பி வந்து, கிராம நலப் பணியில் தீவு முழுதும் சுற்றிக் கதைகளும் பாட்டுகளும் சேகரித்தார். பிற்பாடு ஆண்டுக்கணக்கில் வானொலியிலும், குழந்தைகளுக்காகத் தொலைக்காட்சியிலும் பேசினார். ஜனங்கள் அவரை 'மிஸ் லூ' என்றார்கள்.

இலக்கியவாதிகள் என்ன சொன்னார்கள் என்று கேட்க வேண்டாமா? அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் செய்தி. ஜமைக்காவின் கவிஞர் சங்கம் தம்மை ஒரு கூட்டத்துக்கும் அழைத்ததில்லை என்று அவர் கூறியிருக்கிறார். 1962-ல் நாடு சுதந்திரம் அடைந்தபோது ஒரு பெரிய இலக்கியத் தொகை நூல் வெளிவந்தது. அதில் கவிஞர்கள் வரிசையில் பென்னெட் இல்லை. நூலின் கடைசியில் 'இதர வகை' என்ற தலைப்பின் கீழே இருந்தார்! அவரைக் கவிஞராகவே படிக்க வேண்டும் என்று மெர்வின் மாரிஸ் என்ற விமரிசகர் 1963-ல் ஒரு கட்டுரை எழுதி வாதாட வேண்டியிருந்தது. சபையில் ஒருவர் எழுந்து, "இதற்காகத்தானா உன் தாய் உன்னைப் படிக்கவைத்தாள்?" என்ற கருத்தில் கூவியதும் உண்டு. கூவியவர் அந்தக் கேள்வியையும் பாட்வாவிலேயே கேட்டார் என்பதுதான் வேடிக்கை.

வேடிக்கை என்று சொன்னேனே தவிர, அந்தக் கேள்வியை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு தாய் கூடை சுமந்து மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறாள். எதற்கு? மகளும் கூடை சுமக்கக் கூடாது என்பதற்கு. கோர்ட்டும் ஆபீசும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. அந்த ஆங்கிலம் வந்தால்தான் பெண் பிழைப்பாள் என்று தாய் கணக்குப் போடுகிறாள். அந்தக் கணக்கில் தவறில்லை. இந்தச் சமயத்தில் இரண்டு பாஷையும் தெரிந்த ஒரு பெண் மேடையில் ஏறி, உன் பேச்சுத்தான் அழகு என்றால், தாய்க்குக் கோபம் வராதா? மாடி வீட்டில் இருந்துகொண்டு குடிசையின் குளிர்ச்சியைப் புகழ்கிறவர்களை நாம் எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறோம். கிரியோலைத் தாழ்வென்று சொன்னவர்களைப் போலவே, அதைப் புகழ்ந்தவர்களில் சிலரும் அந்தத் தாயிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பென்னெட்டுக்கு இது தெரியாமல் இல்லை. அவருடைய கவிதைகளுக்குள்ளேயே இந்தத் தாய் வருகிறாள். ஒரு கவிதையில், மகன் அமெரிக்காவிலிருந்து திரும்பி வருகிறான். பேச்சில் அமெரிக்க வாசனை துளிகூட இல்லை. அண்டை அயலாருக்கு நான் எப்படி முகம் காட்டுவேன் என்று தாய் புலம்புகிறாள். இன்னொரு கவிதையில், இங்கிலாந்து போய்வந்த பையன் ஒருவன் மூக்கால் பேசுகிறான். அவனுக்குப் பேச்சே புரியாதது போல் ஊர்ப் பெண்கள் கேலி செய்து தீர்க்கிறார்கள். இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும். கிரியோல் பேசுகிறவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பேச்சிலேயே பொய்க் கௌரவமும் இருக்கும், வஞ்சகமும் இருக்கும், பெருந்தன்மையும் இருக்கும். ஏழையை நல்லவனாக மட்டுமே காட்டுகிற கதை, அவனைக் கோமாளியாகக் காட்டுகிற கதையைவிட ஒன்றும் உயர்ந்தது அல்ல என்பது என் அபிப்பிராயம்.

கிரியோலை ஒழித்துவிட வேண்டும் என்று வாதித்தவர்களுக்கு அவர் சொன்ன பதிலும் அழகானது. அப்படியானால் இங்கிலாந்தின் மாவட்டத்துக்கு மாவட்டம் உள்ள கொச்சைகளையும் ஸ்காட்லாந்துக் கவிகளையும் ஒழித்தாக வேண்டுமே. அந்தக் கணக்கில் ஆங்கிலத்தில் என்ன மிஞ்சும் என்று ஒரு கவிதையில் கேட்கிறார். லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் எடுத்துக்கொண்டால் ஆங்கிலத்துக்கு அது வளர்ச்சி; ஆப்பிரிக்காவிலிருந்து எடுத்துக்கொண்டால் நமக்கு மட்டும் அது சீரழிவா என்று வானொலியில் கேட்டார். இதற்கு எந்தப் பள்ளி ஆய்வாளரும் இன்றுவரை நல்ல விடை சொன்னதாகத் தெரியவில்லை. 2005-ல் ஜமைக்காவில் நடந்த ஒரு கணக்கெடுப்பில், பாட்வாவையும் ஆங்கிலத்தோடு சேர்த்து ஆட்சிமொழியாக்கலாம் என்று மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சொன்னார்கள். ஆட்சிமொழி என்னவோ ஆங்கிலம் ஒன்றாகவே இருந்துவந்திருக்கிறது.

அவர் மேடையில் கட்டிவந்த உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சிவப்பு மிகுந்த கட்டம் போட்ட பருத்தித் துணியில் பாவாடை. தலைக்கட்டும் அதே துணி. அங்கே அதற்குப் பெயர் 'பண்டானா'. விசாரித்துப் பார்த்தால் அது நம் சென்னைக் கரையின் துணி! ஆங்கிலக் கம்பெனிகள் இங்கே வாங்கி லண்டன் வழியாகத் தீவுகளுக்கு அனுப்பிய கைக்குட்டைத் துணி அது. மார்ட்டினிக் முதலிய பிரெஞ்சுத் தீவுகளில் அதற்கு 'மத்ராஸ்' என்றே பெயர். இங்கே நெய்தவர்களுக்கு யார் உடுத்தப்போகிறார்கள் என்று தெரியாது. அங்கே உடுத்தியவர்களுக்கு யார் நெய்தார்கள் என்று தெரியாது. சந்தைக்காரிக்கு அது வேர்வை துடைத்த துணி, சும்மாடு. மிஸ் லூவுக்கு அது வேஷம். இன்று பள்ளிக் குழந்தைகள் விழா நாளில் அதைத் தேசிய உடை என்று அணிகிறார்கள்.

வேஷம் என்ற சொல்லைத் தெரிந்தேதான் போட்டேன். மிஸ் லூ சந்தைக்காரி அல்ல. லண்டனில் நாடகம் படித்தவர். அப்படியிருந்தும் அந்த இரவலில் எனக்குக் குறை தோன்றாததற்குக் காரணம் ஒன்றுண்டு. கடன் கொடுத்தவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். கிராமத்துத் திடலிலும் கோயில் கூடத்திலும் அவர் பேசிக்காட்டியபோது, அந்தப் பேச்சின் சொந்தக்காரிகள் முதல் வரிசையில் இருந்தார்கள். வானொலி வந்தபின் சமையலறையில் நின்றபடியே கேட்டார்கள். ஒரு சொல் பிசகினால் அவர்கள் சிரித்திருக்கமாட்டார்கள். அல்லது வேறு விதமாகச் சிரித்திருப்பார்கள். மேடைக்கவிக்கு இருக்கிற இந்தத் தண்டனை நாவலாசிரியனுக்கு இல்லை. அவன் எழுதுகிற மனிதர்கள் அவனைப் படிப்பதில்லை. படிக்கிறவர்களோ அவன் எழுதுகிற மனிதர்களோடு பேசுவதில்லை. இந்தச் சௌகரியம் எனக்குச் சில இரவுகளில் சௌகரியமாக இருப்பதில்லை.

1966-ல் வந்த அவருடைய பெரிய தொகுதியின் பெயரிலேயே 'லாப்ரிஷ்' என்ற சொல் இருக்கிறது. வம்பளப்பு என்று பொருள். பெண்கள் கூடிப் பேசினால் உலகம் என்ன பெயர் வைக்குமோ, அந்தப் பெயரையே எடுத்து அட்டையில் போட்டுவிட்டார்.

எதிரே உட்கார்ந்திருப்பவளே மேடைக்கு வந்துவிட்டால்? அப்படியும் நடந்தது. 1977-ல் கிங்ஸ்டனில், அரசாங்கத்தின் வேலையில்லாதோர் திட்டத்தில் தெருக்கூட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிலர் சேர்ந்து நாடகம் போட விரும்பினார்கள். நாடகப் பள்ளியிலிருந்து ஹானர் ஃபோர்டு-ஸ்மித் என்ற பெண்மணி வந்து, எதைப் பற்றி நாடகம் வேண்டும் என்று கேட்டார். பெண்களாகப் பிறந்து நாங்கள் படுகிற பாட்டைப் பற்றி என்றார்கள். 'சிஸ்ட்ரன்' என்ற குழு அப்படிப் பிறந்தது. தங்கள் வாழ்க்கையைத் தாங்களே பேசி, தாங்களே நடித்தார்கள். 1980-ல் கிங்ஸ்டன் அநாதை விடுதி ஒன்று தீப்பற்றி, கிழவிகள் நூற்றைம்பது பேருக்கு மேல் மாண்டார்கள். மறு வருஷமே அந்தப் பெண்களை நாடகத்தில் உயிரோடு பேசவைத்தார்கள். இரவல் என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை அல்லவா?

நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், அவர்களுடைய புத்தகம் இல்லாவிட்டால். 1986-ல் 'லயன்ஹார்ட் கேல்' என்ற பெயரில் அந்தப் பெண்களின் வாழ்க்கைக் கதைகள் லண்டனில் அச்சாகி வந்தன. அவர்கள் பேசினார்கள், பேச்சு எழுத்தாக்கப்பட்டது, ஃபோர்டு-ஸ்மித் பதிப்பித்தார். பெரும்பாலான கதைகள் பாட்வாவில் இருக்கின்றன. குழுவில் நடுத்தர வகுப்பைச் சேர்ந்தவர்களின் கதைகளோ பேசப்பட்டவை அல்ல, எழுதப்பட்டவை, ஆங்கிலத்தில் இருக்கின்றன. முன்னுரையும் ஆங்கிலம். கிழங்கைத் தோண்டியவள் ஒருத்தி, தராசு பிடித்தவள் ஒருத்தி என்ற பழைய ஏற்பாடு, இத்தனை நல்லெண்ணத்துக்கு நடுவிலும் புத்தகத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் குற்றம் சொல்லவில்லை. தராசு இல்லாமல் சந்தை நடக்காது. பதிப்பித்தவர் இல்லையென்றால் அந்தக் கதைகள் தெருவோடு போயிருக்கும். அதை அவர் மறைக்காமல் முன்னுரையில் விவாதித்தும் இருக்கிறார்.

இந்தப் புத்தகத்தைப் பற்றி எழுத வந்த கேரலின் கூப்பர் என்ற பேராசிரியை ஒரு காரியம் செய்தார். முறையான ஆங்கிலத்தில் கட்டுரையைத் தொடங்கியவர், கதைகளை ஆராயும் இடம் வந்ததும் பாட்வாவுக்கு மாறிவிட்டார். கதை சொல்ல உதவுகிற பாஷை, அழவும் சிரிக்கவும் உதவுகிற பாஷை, யோசிப்பதற்கு உதவாதா என்பது அவர் கேட்காமல் கேட்ட கேள்வி. நியாயமான கேள்விதான். பாத்திரங்களுக்குக் கொச்சை, ஆசிரியருக்குச் செந்நடை என்று நாவலில் நாங்கள் பாகம் பிரித்து வைத்திருக்கிறோமே, அந்தப் பிரிவினையின் அடியில் கைவைக்கிற கேள்வி அது. அவர்கள் உணரட்டும், சிந்திப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லுகிற பாகப்பிரிவினை.

இனி ஜீன் பிண்டா பிரீஸ். 1956-ல் ஜமைக்காவின் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அவர் மேடைக்கு வந்த காலத்தில் 'டப்' என்ற வகைக் கவிதை ஓங்கியிருந்தது. ரெகே வாத்தியத்தின் தாளத்தில் கவிதை சொல்வார்கள். சொன்னவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள். போலீஸ் அக்கிரமம், பசி, புரட்சி எல்லாம் அதில் உண்டு. பெண்ணின் உடம்புக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் தனிமைக்கும் அதில் இடம் உண்டா என்பது யாருக்கும் தோன்றவில்லை. கனடாவில் குடியேறிய லிலியன் ஆலன் பிரசவ வேதனையையே தாளமாக்கி மேடையில் சொன்னார். 1990-ல் பிரீஸ், டப் கவி பெண்ணாக இருக்க முடியுமா என்று தலைப்பிலேயே கேட்டு ஒரு கட்டுரை எழுதினார்.

அவர் சொன்ன கவிதைகளில் பெரும்புகழ் பெற்றது ஒரு பைத்தியக்காரியின் பேச்சு. கிராமத்திலிருந்து கிங்ஸ்டனுக்கு வந்து, குடியிருந்த இடத்திலிருந்து துரத்தப்பட்டு, வயிற்றில் பிள்ளையோடு தெருத்தெருவாக அலைகிற ஒருத்தி. அவள் தலைக்குள் ஒரு ரேடியோ இருக்கிறது. அதில் ஒருவன் பாட்டுப் போட்டுக்கொண்டே இருக்கிறான். ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும் என்ற ஏக்கப்பாட்டு. டாக்டரும் வீட்டுக்காரனும் சேர்ந்து அவளைப் பிடித்து, தலையிலிருந்து ரேடியோவை எடுத்துவிடுகிறார்கள். குணப்படுத்துகிறவனையும் வாடகை கேட்கிறவனையும் ஒரே வாக்கியத்தில் நிறுத்தியிருப்பதைப் பாருங்கள். அவள் பைத்தியமா என்ற சந்தேகம் அங்கேயே நமக்கு வந்துவிடுகிறது.

இங்கே என் பழைய அளவுகோல் உடைந்துபோகிறது. கடன் கொடுத்தவள் எதிரே உட்கார்ந்திருந்தால் இரவல் நேர்மையானது என்றேன். தெருவில் அலைகிற அந்தப் பெண் எந்த அரங்கில் உட்காருவாள்? கவிதை சொல்லுகிற இடத்தின் வாசலில் அவளைப் போன்ற ஒருத்தி வந்து நின்றால், டிக்கெட் கிழிக்கிறவர் என்ன செய்வார் என்பது நமக்குத் தெரியும். அவள் பேச்சைத் திருத்த ஆளில்லை. தவறாகச் சொன்னாலும் கேட்க ஆளில்லை. அப்படியானால் அவளைப் பற்றிப் பேசாமலே இருந்துவிடலாமா? அதைத்தான் டாக்டரும் வீட்டுக்காரனும் விரும்புகிறார்கள்.

பிரீஸ் தமக்கும் மனநோய் உண்டு என்பதை மறைக்காமல் பேசியவர். அதனால் அந்தக் குரல் அவருடைய சொந்தக் குரல்தான், இரவல் அல்ல என்று சிலர் தீர்த்துவிடப் பார்ப்பார்கள். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. அவருக்கு மருந்து இருந்தது, மேடை இருந்தது, லண்டன் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. நோய் ஒன்றாக இருக்கலாம், தெரு ஒன்றல்ல. இந்த இடைவெளியை அவரே அறிந்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். பதிவைக் கேட்டால் தெரிகிறது: அவர் அந்தப் பெண்ணைப் போல் நடிக்க அவசரப்படுவதில்லை. சாதாரணக் குரலில், அண்டை வீட்டாரிடம் சொல்வது போல் ரேடியோ விஷயத்தைச் சொல்கிறார். பாட்டு வருகிற இடத்தில் மட்டும் பாடுகிறார். கேட்கிறவனுக்கு முதலில் சிரிப்பு வருகிறது. இரண்டாம் முறை பாட்டு வரும்போது, அது எவ்வளவு நல்ல பாட்டு என்பது தெரிந்து சிரிப்பு நின்றுவிடுகிறது. டாக்டருக்கு மட்டும் அது கேட்கவில்லை.

பிரீஸ் 2021 ஆகஸ்டில், தம் 65-ஆம் வயதில் காலமானார். குரல் பதிவுகளில் இருக்கிறது. அதில் டாக்டரும் வீட்டுக்காரனும் வேலையை முடித்துக்கொண்டு போகிறார்கள். அவள் ரேடியோவை எடுத்து வயிற்றுக்குள் தள்ளிக்கொள்கிறாள். பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது.